பத்தரை மணிக்கு லைன் இருந்தது

1

துபாயில் இன்டர்நெட் பறக்குமாமே என்று ஊரிலிருந்து யார் பேசினாலும் கேட்கிறார்கள். பறக்கத்தான் செய்கிறது. என் வீட்டில் மட்டும் ஹாலோடு நின்றுவிடுகிறது. அல் குசைஸில் நாங்கள் இருக்கும் பழைய கட்டடத்தின் சுவர்கள் அப்படி. ஹாலில் பச்சை விளக்கு மினுக்கும் பெட்டிக்கும் என் மகள் மதுமிதாவின் அறைக்கும் நடுவே இரண்டு சுவர்கள்தான், ஆனால் அவள் பரீட்சைப் பக்கம் திறப்பதற்குள் நான் ஷேவ் செய்து முடித்துவிடுவேன்.

"அப்பா, திஸ் இஸ் டார்ச்சர். ஒயர் போட்டுக் குடுங்க" என்றாள் போன வாரம்.

பதினான்கு வயது. தமிழில் ஏறி, பாதி வழியில் இறங்கி, ஆங்கிலத்தில் போய்ச் சேருவாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், கூட்டி வந்தவன் நான். விசிட் விசாவில் வந்திருந்த என் மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "தாத்தா எப்ப எக்ஸ்பயர் ஆகுறாங்க?" என்று கேட்டாள். விசா முடியும் தேதியைத்தான் கேட்டாள். மாமனார் அதற்குமேல் சோறு வாங்கிக்கொள்ளவில்லை.

நான் தொழிலில் எலக்ட்ரீஷியன். இப்போது ஒரு கட்டடப் பராமரிப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்பதால் கையில் ஸ்க்ரூடிரைவர் பிடிப்பதே அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒயர் சுருளோடு ஹால் தரையில் மண்டி போட்டேன். முழங்கால் இரண்டும் முனகின. அப்போதுதான் அன்று என்ன நாள் என்பது நினைவுக்கு வந்தது.

வருடாவருடம் ஆவணியில் அந்த நாளன்று காலையில் ராமலிங்கம் அண்ணனிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வரும். நானும் அவரும் ஒரே பொட்டியில் குடியிருந்தவர்கள். அவருடைய மூத்த மகளின் கல்யாண நாள் அது. "தம்பி, அன்னைக்கு நீங்க சொன்ன சொல் தவறாம லைன் போட்டுக் குடுத்தீங்க. நான்தான் மடையன்" என்று ஆரம்பித்து, பிள்ளைகளை விசாரித்து முடிப்பார். இந்த வருடம் ஒன்பது மணியாகியும் வரவில்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

2

பொட்டி என்று சொன்னேன். எட்டு வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்தது அபுதாபியின் உள்ளே, வெறும் மணலில். குழாய் பதிக்கிற சைட். குழாய் முன்னேற முன்னேற ஆட்களும் பின்னாலேயே நகர வேண்டும். அதனால் எங்கள் வீடுகள் எல்லாம் போர்ட்டா கேபின்கள். இரண்டு பக்கமும் இரும்புத் தகடு, நடுவில் தெர்மாகோல், அடியில் இரும்புச் சட்டம். ஆபீசுக்கு ஒன்று, மெஸ்ஸுக்கு ஒன்று, ஆட்களுக்கு மூன்று. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ட்ரெய்லர் வந்து ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த இடத்தில் இறக்கும். ஊரில் ஆள்தான் வீட்டைத் தேடிப் போவான், இங்கே வீடு எங்களைத் தேடி வரும்.

போன் சிக்னல் வேண்டுமென்றால் மணல் மேட்டின்மேல் ஏறி நிற்க வேண்டும். ஒரு கோடு வரும், போகும். பொட்டிக்குள் காலெடுத்து வைத்தால் அதுவும் செத்துவிடும், இரும்பு எதையும் உள்ளே விடாது. ஆபீஸ் பொட்டியின் கூரையில் மட்டும் ஒரு டிஷ் இருந்தது. இன்ஜினியர்கள் அதில் வேலையும் பார்த்தார்கள், கிரிக்கெட்டும் பார்த்தார்கள். அதிலிருந்து எங்கள் பொட்டிக்கு ஒரு லைன் இழுக்கிறேன் என்று நான் கேட்டேன். "மாஃபி" என்றார் சைட் இன்ஜினியர், கிடையாது என்று அர்த்தம். பிறகு படம் வரைந்து கொடு என்றார்கள். கொடுத்தேன். சேஃப்டி கையெழுத்து வேண்டும் என்றார்கள். வாங்கினேன். பழைய ஃபாரம் செல்லாது, புது ஃபாரம் என்றார்கள். கடைசியில் தொல்லை தாங்காமல், பேச்சு முடிந்தது என்கிற மாதிரி, "காலாஸ், ஏக் ஒயர், ஏக் லேப்டாப். வைஃபை மாஃபி" என்று கையை உதறினார்.

அந்த ஒயரை நான் இழுத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். வெயில் தாங்கும் கறுப்பு உறை ஒயர். மணலுக்கடியில் தண்ணீர்க் குழாய்க்குள் விட்டு, பொட்டியின் தரையில் துளை போட்டு மேலே ஏற்றினேன். வெட்டிய தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். ட்ரெய்லரில் பொட்டி குலுங்கும்போது ஒயரை அறுத்துவிடும். அதற்காகத் துளைக்குள் பழைய ஹோஸ் துண்டு ஒன்றைச் செருகினேன். பொட்டிக்கடியில் ஒரு இணைப்பு வைத்தேன். பொட்டியைத் தூக்கும் நாளில் அங்கே கழற்றினால் போதும். உள்ளே போன ஒயர் அப்படியே பயணம் செய்யும். புது இடத்தில் வெளி ஒயரை மட்டும் விரித்து மாட்ட வேண்டும். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே யோசித்தது.

ஆறு பேர் இருந்த பொட்டிக்கு ஒரே ஒரு பழைய லேப்டாப். யார் எப்போது பேசுவது என்று முறை வைத்தவன் நான். லைன் நின்றால் எழுந்து பார்ப்பவனும் நான். அதுவரை "டேய் கரண்டு" என்று கூப்பிட்டவர்கள் "தம்பி சாப்டீங்களா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நாளில் அது இல்லாமல் இருக்க முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

3

ராமலிங்கம் அண்ணன் அரியலூர் மாவட்டம், செந்துறைப் பக்கம். பைப் ஃபிட்டர். ஐம்பதைத் தொட்டவர். சிங்கப்பூரில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, இங்கே வந்து ஏழே மாதம் ஆகியிருந்தது. மனைவி இறந்துவிட்டார். பெண்கள் இரண்டு பேரும் அவருடைய அண்ணன் வீட்டில் வளர்ந்தார்கள். மூத்தவள் தேன்மொழிக்குக் கல்யாணம் கூடி வந்தது.

லீவு ஃபாரத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பொட்டிக்குப் போனார். மொழிக்காக நானும் கூடப் போனேன். ஒரு வருடம் முடியாமல் லீவு இல்லை, எமர்ஜென்சிக்கு மட்டும் உண்டு, யாராவது செத்திருக்க வேண்டும், செத்ததற்குச் சர்டிபிகேட் வேண்டும் என்றான் கிளார்க்.

"கல்யாணம்னு சொல்லுங்க தம்பி" என்றார் அண்ணன்.

சொன்னேன்.

"ஷாதி எமர்ஜென்சி நஹீ ஹை, பாய்" என்று ஃபாரத்தைத் திருப்பி நீட்டினான். கல்யாணம் எமர்ஜென்சியில் சேராதாம்.

வெளியே வந்ததும் அண்ணன் ஃபாரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சாகறதுக்கு எனக்கு வேற ஆளும் இல்ல தம்பி. இருந்த ஒருத்தியும் அவசரப்பட்டு முன்னாடியே போயிட்டா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு எல்லாம் என் ஒயரை நம்பித்தான் ஏற்பாடானது. மணமேடையில் அவருடைய தங்கை மகன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான், இங்கே அண்ணன் லேப்டாப் முன் உட்கார்ந்து அட்சதை போடுவார். தேன்மொழி திரையில் வந்து எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள்: "அப்பா, உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் கழுத்தக் குனிவேன். நீ வரலன்னா குனிய மாட்டேன், ஆமா."

"வந்துருவேன்டி. தம்பி லைன் போட்டுருக்காருல்ல" என்றார் அண்ணன்.

பத்திரிகை மின்னஞ்சலில் வந்தது. ஆபீஸ் பிரிண்டரில் திருட்டுத்தனமாக அச்செடுத்துக் கொடுத்தவனும் நான்தான். முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை. அண்ணன் மெஸ்ஸில் ஒரு ஸ்டீல் தட்டு வாங்கி, ஆப்பிள், கற்கண்டு, மஞ்சள் துண்டோடு பத்திரிகையையும் வைத்து, பொட்டியில் இருந்த ஒவ்வொருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி, பெயர் சொல்லி அழைத்து, முறைப்படி கையில் கொடுத்தார். போக முடியாத கல்யாணத்துக்கு, பெண்ணைப் பெற்றவனே போக முடியாத கல்யாணத்துக்கு, அந்த மணலில் அவர் எதையும் குறைக்கவில்லை.

எனக்கு மட்டும் குறைந்தது. அந்நேரம் நான் ஜெனரேட்டர் டூட்டியில் இருந்தேன். வந்து பார்த்தால் தட்டு என் கட்டிலில் இருந்தது, ஆள் இல்லாத வீட்டில் கதவிடுக்கில் பத்திரிகையைச் செருகிவிட்டுப் போன மாதிரி. அண்ணன் போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணி நேரம் குழாயோடு மல்லுக்கட்டிய மனிதர் தூங்கத்தான் செய்வார். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மனசுக்குள் ஒன்று எழுந்து நின்றது. ஒயர் நான் போட்டது, பத்திரிகை நான் அச்சடித்தது, மற்ற எல்லோருக்கும் கையில், எனக்குக் கட்டிலிலா?

மறுநாளும் அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஊரில் இதே காரணத்துக்காகப் பத்து வருடம் பேசாமல் இருந்த மாமன் மச்சான்களை நான் கேலி செய்திருக்கிறேன். பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு முறை பார்த்தேன்.

4

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, சைட் நகர்கிறது என்று உத்தரவு வந்தது. கல்யாணத்தன்று காலை ஏழரைக்கு ட்ரெய்லர். அண்ணன் ஓடி வந்தார். ஆனால் முகத்தில் பதற்றம் இல்லை, ஏதோ கணக்குப் போட்டுத் தேறியவர் மாதிரி இருந்தார்.

"தம்பி, ஊர்ல ஒம்பது மணி முகூர்த்தம். நமக்கு ஒன்றரை மணி வித்தியாசம். அப்ப இங்க பத்தரைக்குத்தான் ஆரம்பிக்குது. ஏழு மணிக்கு லைனைக் கழட்டுனாலும் பத்து மணிக்குள்ள புது எடத்துல போட்டுருவீங்கள்ல? சரிதானே?"

அவர் எங்கே தவறினார் என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. சிங்கப்பூர் நம் ஊரைவிட முந்தி ஓடும். அங்கே பன்னிரண்டு வருடம் ஊர் நேரத்தோடு கூட்டிக் கூட்டிப் பழகிய மனிதர். இங்கே கழிக்க வேண்டும். ஊரில் ஒன்பது என்றால் எங்களுக்கு ஏழரை. ட்ரெய்லர் வரும் நேரமும் முகூர்த்தம் தொடங்கும் நேரமும் ஒன்று. நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு வார்த்தைதான். எந்தப் பொட்டியின் இணைப்பை முதலில் கழற்றுவது, எதைக் கடைசியில் கழற்றுவது என்று முடிவு செய்பவனே நான். ஆபீஸையும் எங்கள் பொட்டியையும் கடைசிக்குத் தள்ளியிருந்தால் ஒன்பது மணி வரை லைன் ஓடியிருக்கும்.

"சரிதாண்ணே. பத்து மணிக்கு லைன் இருக்கும்" என்றேன்.

எட்டு வருடமாக, கேட்டவர்களிடமெல்லாம் நானும் கவனிக்கவில்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். கவனித்தேன். தெரிந்தே சொன்னேன். அப்புறம் இரண்டு நாள் இருந்தது, இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. மற்ற நான்கு பேருக்கும் சந்தேகம் வரவில்லை. பத்தரை என்ற எண் பத்திரிகையிலும் இருந்ததால் யாரும் அது எந்த ஊர்ப் பத்தரை என்று யோசிக்கவில்லை.

அன்று காலை ஏழு மணிக்குப் பொட்டிக்கடியில் படுத்து இணைப்பைக் கழற்றினேன். ஆபீஸோடு எங்கள் பொட்டியைத்தான் முதலில் ஏற்றச் சொன்னேன். லேப்டாப்பை அண்ணனே போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பிக்கப்பில் உட்கார்ந்தார். இன்னொரு கையில் வேட்டி சட்டைப் பை. எட்டு மணிக்குப் புது இடத்தில் எல்லோரும் குபூஸ் ரொட்டியும் டீயும் எடுத்தோம். அவருக்கும் நீட்டினேன்.

"வேணாம் தம்பி. தாலி ஏறுற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது. அவ அம்மா இருந்தா அவளும் இப்படித்தான் இருப்பா" என்றார்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஊரில் ஒன்பதரை. குபூஸைப் பிய்த்து டீயில் தோய்த்து நான் தின்றேன். தொண்டையில் இறங்கத்தான் செய்தது.

அன்றைக்கு மாதிரி நான் எந்த வேலையும் சுத்தமாகச் செய்ததில்லை. அந்த வெயிலில் தனியாக மணலைத் தோண்டி, குழாயைப் பதித்து, டிஷ்ஷைத் திருப்பி, பத்து மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பச்சை விளக்கு எரிந்தது. அண்ணன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, மெஸ் அரிசியில் மஞ்சள் தூளைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தார். முன்கூட்டியே கூப்பிட்டால் அவர்களுக்குத் தொந்தரவு என்று பத்தரை வரை காத்திருந்தார். பிறகு கூப்பிட்டார்.

தங்கை மகன் எடுத்தான். பின்னால் இலை போட்டு வரிசையாக ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, எங்க மாமா போனீங்க? எத்தனை தடவை கூப்புடுறது? எல்லாம் முடிஞ்சு ரெண்டாம் பந்தி நடக்குது."

அண்ணனுக்குப் புரியவில்லை. "பத்தரைதானடா இப்ப?" என்றார்.

"பன்னெண்டு மாமா."

தேன்மொழியைக் கூட்டி வந்தார்கள். கழுத்தில் மஞ்சள் ஈரம் காயாத தாலி. அழுது முகம் வீங்கியிருந்தது. "குனிய மாட்டேன்னு நின்னேன்பா. நல்ல நேரம் போகுதுன்னு ஐயரு கத்துனாரு. பெரியப்பா தலையப் புடிச்சு அமுக்கிட்டாரு" என்றாள்.

அண்ணன் கையிலிருந்த அட்சதையைத் திரையின்மேல் போட்டார். அரிசி வழுக்கி விசைகளுக்கு நடுவே விழுந்தது. பிறகு உள்ளங்கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார், ஒன்று, இரண்டு, மூன்று. "சிங்கப்பூர் கணக்குப் போட்டுட்டேன்டி ஆத்தா. கழிக்கிறதுக்குக் கூட்டிட்டேன்." திரும்பி என்னைப் பார்த்து, "படம் நல்லா தெளிவா வருது தம்பி. நீங்க சொன்ன நேரத்துக்குப் போட்டீங்க" என்றார்.

"நானும் கவனிக்கலண்ணே" என்றேன்.

ஒப்பந்தம் முடிந்ததும் அவர் போய்விட்டார், திரும்பி வரவில்லை. அவர் போன பிறகும் அந்த லேப்டாப்பில் சில விசைகள் அழுந்தவில்லை. கழற்றிப் பார்த்தபோது மஞ்சள் அரிசி இருந்தது.

5

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மதுமிதாவின் மேசை வரை ஒயரைக் கொண்டுவந்து, முனையில் தோலை உரித்து எட்டு நிறங்களையும் வரிசையாகப் பிரித்துப் பிடித்திருந்தேன். வருடாவருடம் வாய்ஸ் நோட் அனுப்புகிற அங்கிள் யார் என்று கேட்டாள். கதையைச் சொன்னேன், வழக்கமாகச் சொல்கிற விதத்தில்.

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பட் யூ நியூ, ரைட்? நீங்க டெய்லி அம்மாகிட்ட பேசுனீங்கதானே, இண்டியா டைம் தெரியுமே? ஏன் சொல்லல?"

"அப்பாவுக்கும் அப்ப தோணல."

இப்போது தலையைத் தூக்கினாள். எட்டு வருடத்தில் அண்ணன் ஒரு தடவைகூடக் கேட்காததை அரைகுறைத் தமிழ்ப் பிள்ளை ஒரே மூச்சில் கேட்டுவிட்டது. பயமாக இருந்தது எனக்கு.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. புதுக்கோட்டையிலிருந்து என் உடன்பிறந்த அண்ணன். கை இரண்டிலும் ஒயர் இருந்ததால் மதுமிதாவே ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய், உன்னத் தேடி ஒருத்தரு வந்துருக்காரு. செந்துறையிலேர்ந்து பஸ்ஸு மாறி மாறி வந்துருக்காரு, பேசு."

"தம்பி, நல்லாருக்கீங்களா?" ராமலிங்கம் அண்ணனின் குரல். "ஐப்பசியில சின்னவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அதான் உங்க வூட்டுக்கு வந்தேன். உங்க அண்ணனையும் அண்ணியையும் நிக்க வச்சு, தட்டைக் கையில குடுத்துட்டேன்."

"இவ்வளவு தூரம் எதுக்குண்ணே? போன்ல சொன்னாப் போதாதா?"

"போதாது தம்பி. பெரியவ கல்யாணத்துக்கு உங்களுக்கு மட்டும் கையில குடுக்காம கட்டில்ல வச்சுட்டுத் தூங்கிட்டேன். நெனைவிருக்கா? உங்களுக்கு எங்க இருக்கப்போவுது. எனக்கு அது உறுத்திக்கிட்டே கெடக்கு. லைன் போட்டுக் குடுத்த மனுசனுக்கு மொற செய்யாம விட்டேன். அந்தக் கொறைதான் தம்பி, சாமி என் புத்தியத் திருப்பிவுட்டுருச்சு. இல்லன்னா கூட்டத் தெரிஞ்சவனுக்குக் கழிக்கத் தெரியாமப் போவுமா?"

சாமி இல்லண்ணே, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். "அண்ணே, அன்னைக்கு வந்து..." என்று தொடங்கினேன்.

"அத வுடுங்க தம்பி, நல்ல காரியம் பேசுறப்ப அது எதுக்கு?" என்று அவர் நடுவில் புகுந்தார். "லீவு போட்டு வரப் பாருங்க. வர முடியலன்னா என்னை மாதிரி லைன்ல வாங்க. முகூர்த்தம் ஏழரைலேர்ந்து ஒம்பது. உங்க ஊரு நேரத்துக்கு எத்தனை மணின்னு நீங்களே பாத்துக்கங்க. என்னை மட்டும் கேட்டுறாதீங்க!"

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். பக்கத்தில் என் அண்ணனும் அண்ணியும் சிரிப்பது கேட்டது.

"சிக்ஸ் டு செவன் தர்ட்டி" என்றாள் மதுமிதா மெதுவாக. கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

"தம்பி, இருக்கீங்களா? வந்துருவீங்கள்ல?"

"சரிதாண்ணே" என்றேன்.